அங்க அடையாளம்: வடித்த காது

மைனி,

நேற்று நாகர்கோவிலில் படம் எடுக்கப் போயிருந்தேன். படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "முக்காட்டக் கொஞ்சம் பின்னால தள்ளும்மா. பாஸ்போர்ட்டுக்குன்னா காது ரெண்டும் தெரியணும்" என்றார். நம் வீட்டில் இப்போது யாராலும் காது என்ற சொல்லைச் சும்மா கேட்க முடிவதில்லை.

அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. கொழும்பில் கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாகக் கிடக்கிறார். அவரைப் பார்க்கத்தான் நான் புறப்படுகிறேன். அன்று அவரிடம் போக நீங்கள் சேர்த்துக் கட்டிய அதே காகிதக் கட்டை இப்போது நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் கொழும்புக்குப் போவது நம்மவர்களுக்கு வடசேரிச் சந்தைக்குப் போவது மாதிரி. அங்கே புதுச் சட்டம் வந்தது, வாசலில் ஆள் நின்றுகொண்டது. இங்கே வந்தால் திரும்ப விடுவார்களோ என்று அண்ணன் வர அஞ்சினார். அதனால் கல்யாணமான கையோடு பிரிந்த நீங்கள்தான் அவரிடம் போக வேண்டியிருந்தது. நம் சர்க்காரின் பாஸ்போர்ட், அந்த நாட்டுப் பெர்மிட், அம்மை குத்திய சர்டிபிகேட், மூன்றும் வேண்டும். பெர்மிட்டுக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் அக்கரையில் இறங்காவிட்டால் அது வெறும் தாள். இன்னொன்று கிடைக்கும் என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை.

அப்போது நம் பக்கத்தில் படம் என்றால் சாவு வீட்டுப் படம்தான். பெட்டியைச் சுற்றிச் சொந்தபந்தம் நிற்கும், படக்காரர் வருவார். அவரைத்தான் அப்பா கூட்டிவந்தார். "அசையாம இரிங்க, அசையாம இரிங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கண் சிமிட்டுகிற ஆட்களைப் பிடித்து அவருக்குப் பழக்கமில்லை என்று நான் கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"எனக்கு என்னமோபோல வருது ஏட்டி" என்றீர்கள்.

தோளைத் தொடும் காதும் அதில் தொங்கும் பாம்படமுமாக அந்தப் படத்தில் இருந்தீர்கள். அங்க அடையாளம் எழுத வந்த குமாஸ்தா மச்சமோ தழும்போ தேடவில்லை. உங்களை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வடித்த காது என்று எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அப்பா அதைத் திண்டுக்கல் பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்து வாசித்துக் காட்டினார். அந்த வரி வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து வந்த அண்ணனின் கூட்டாளி, அங்கே பெண்கள் யாரும் இப்படிக் காது தொங்கத் திரிவதில்லை, தெருவில் நின்று பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் அன்று சாப்பிடவில்லை. "அவியளுக்கு என்னக் கூட்டிட்டு நடக்க நாணமா இருக்கப்பிடாது" என்றீர்கள். அம்மா கூடவர, மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தீர்கள். நம்மூரில் அப்போது பல பெண்கள் செய்துகொண்டதுதான். துணி மாற்றி மருந்து போட்டது நான். கட்டு அவிழ்த்த அன்று கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, வெகுநேரம் பார்த்தீர்கள்.

"இது ஆருட்டி?" என்று கேட்டீர்கள்.

எல்லோரும் அழகு என்றோம். பெட்டியிலிருந்த பாஸ்போர்ட் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. முகம் பார்த்தே ஆளை அறிகிற ஊர் நம்முடையது. தாளைப் பார்த்து ஆளை அறிகிறவர்கள் தனுஷ்கோடியில் இருந்தார்கள்.

அங்கே கப்பல் கண்ணெதிரே நின்றது. வரிசையில் நம் முறை வந்தது. அதிகாரி படத்தைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் அய்யா."

"காது எங்கே?"

நீங்கள் விரலால் காதைத் தொட்டுக் காட்டினீர்கள். வெட்டித் தைத்த கதையை அப்பா சொன்னார். அந்த அதிகாரி கெட்ட மனிதரில்லை. "ஒருத்தர் பாஸ்போர்ட்ல இன்னொருத்தர் போறது இப்ப ரொம்ப நடக்குது பெரியவரே. ஆஸ்பத்திரிச் சீட்டும் புதுப் படமும் கொண்டுவாங்க" என்றார். கொண்டுவருவதற்குள் பெர்மிட்டின் கெடு போய்விடும் என்று அவருக்கும் தெரியும். நாம் மணலில் நின்றிருக்கும்போதே கப்பல் ஊதியது.

நாம் ஊர் திரும்பினோம். கடற்கரைப் பக்கம் தாள் கேட்காமல் ஆளேற்றும் தோணிக்காரர்கள் இருப்பதாக எங்கேயோ கேட்டுவந்தீர்கள். அப்பா அதட்டினார். "கப்பல்ல ஏத்தமாட்டினும்னா நான் எப்பிடித்தான் போய்ச் சேர?" என்று நீங்கள் கேட்டீர்கள். ஒருநாள் விடிந்தபோது உங்கள் பாய் சுருட்டியபடி இருந்தது. பாம்படம் என் தலையணைக்கடியில் இருந்தது.

அண்ணனிடமிருந்து, இன்னும் வரவில்லையே என்று கடிதம் வந்தது. பிறகு, கிழக்கே ஒரு கரையில் பெண் ஒருத்தியின் உடல் ஒதுங்கியிருப்பதாகச் சேதி வந்தது. அப்பா போனார். மறுநாள் திரும்பியவர் முகத்தில் தெளிவு இருந்தது.

"நம்ம பிள்ளை இல்ல. மூஞ்சி பாக்க ஒண்ணுமில்ல, அடையாளம் சொல்லும்ன்னான் போலீசுக்காரன். பாஸ்போர்ட்டுல உள்ளபடி வடிச்ச காதுன்னேன். இதுக்குக் குட்டைக் காது, நீரு வீட்டுக்குப் போம்ன்னுட்டான்."

அம்மா ஸ்தோத்திரம் சொன்னாள்.

"அப்பா, மைனிக்குக் காத வெட்டியாச்சே" என்றேன்.

அப்பா செருப்புக்கூட இல்லாமல் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். உடம்பில் கிடந்த சேலையையும் எரித்துவிட்டார்கள். பெயரில்லாத ஆளைத் தோண்டிக் காட்ட வழியில்லை என்றார்கள். அந்தப் பெண் நீங்கள்தானா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. உங்களைத் திட்டவும் முடியவில்லை, உங்களுக்காக அழுது முடிக்கவும் முடியவில்லை. அது எவ்வளவு கொடுமை என்று உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இந்த ஐப்பசியில் நம் தாலுக்காக்கள் மதராசோடு சேர்ந்துவிட்டன. தாளில் ஊரின் சர்க்கார் மாறியிருக்கிறது. இன்று காலை என் விண்ணப்பத்தை எழுதிய குமாஸ்தா, அங்க அடையாளம் கேட்டார். தேங்காய்த் துருவி வெட்டிய தழும்பு, வலது உள்ளங்கையில் என்றேன். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதைச் சொல்லி, காட்டி, திரும்பச் சொல்லவைத்துவிட்டுத்தான் வந்தேன்.

உங்களுடையதும் எனக்குத் தெரியும், மைனி. மருந்து போட்டவள் நான். இடது காதில் தையல் கடைசியில் கொஞ்சம் கோணி, உள்பக்கமாகத் திரும்பும். தொட்டால் ஒரு மணி அரிசி மாதிரி இருக்கும். கப்பலில் ஏறும்வரையிலும், ஏறிய பிறகும், இதைச் சொல்லத் தயாராக வைத்திருப்பேன். இனி உங்கள் அடையாளத்தை என்னிடம் கேட்கப்போகிறவர், அந்தக் காதைப் பார்த்தே இராத அண்ணன் ஒருவர்தான்.