எஞ்சினில் ஒட்டிய ரப்பர்

ஞாயிறு, இரவு.

எவ்வளவு சோப்புப் போட்டும் கையில் ஆயில் நாற்றம் போகவில்லை. எல்லாம் அக்கா புருஷனால். கப்பலில் ஃபிட்டர் என்ற திமிரில் என் காருக்கு ஆயில் மாற்ற வந்தார். புது ஃபில்டரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டதும் ஆயில் ஒழுகியது. இறுக்க இறுக்க இன்னும் ஒழுகியது.

"ஏலே, நீ வாங்கிட்டு வந்தது டூப்ளிகேட்டுலே. ஒன் தலையில எவனும் எதயும் கட்டிருவான்" என்றார், என் மனைவி எதிரில்.

அவர் சாப்பிடப் போனதும் நானே கழற்றினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் அதன்மேலேயே புதியதை முறுக்கியிருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையம் இருந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? பிய்த்தெடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

புரட்டிப் பார்த்தார். "பாத்தியாலே? ரெண்டு ரப்பர் போட்டு ஏமாத்திருக்கான் கடைக்காரன்."

அக்கா பெருமையோடு அவருக்கு இன்னொரு துண்டு சீலா மீன் வைத்தாள்.