நிரப்பாமல் வைத்த குழல்

சுவா, எஸ்டேட் கீழ்ப்பிரிவு
20.6.1943

மகள் நீலாவதிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

நீ சொல்லியனுப்பியதை லாரிக்காரர் தங்கராஜு சொன்னார். உன் புருஷன் வேலை செய்யும் தெமியாங் காப்பிக்கடைக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வருகிறானாம். சண்டைக்கு முன்னால் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தவனாம். அங்கே தின்ற இத்தாலிப் பலகாரத்தைச் செய்ய இங்கே ஆள் உண்டா என்று கேட்டானாம். உன் புருஷன் உடனே என் பேரைச் சொன்னாராம். அமெரிக்காவில் இத்தாலிக்காரன் அடுப்படியில் வேலை பார்த்தவர் எங்கள் மாமா என்றாராம். நான் அங்கே வந்து செய்து கொடுக்க வேண்டுமாம்.

இப்போது மட்டும் நான் அமெரிக்கா போனவனா?

உன் கல்யாணப் பந்தியை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. துரை பங்களாவில் கோதுமை மாவு கேட்டு வாங்கி, அந்த இத்தாலிப் பலகாரமான குழலை ஒரு தாம்பாளம் நிறையச் செய்து வைத்தேன். கப்பல் கூலியாகப் போய் அமெரிக்காவில் இறங்கி நான் வேலை செய்த ஊர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் புருஷன் இலையிலிருந்து தலையைத் தூக்காமலே, "மாமா பாத்த அமெரிக்கா போர்ட்டிக்சனோட முடிஞ்சிருக்கும்லா" என்றார். பக்கத்துத் துறைமுகத்தைக்கூட நான் தாண்டியதில்லை என்று கணக்கெழுதும் கிராணி சிரித்தார். வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார். இன்றைக்கும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எனக்குப் பேர் போர்ட்டிக்சன் அமெரிக்காதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் தானே எழுத்துக் கூட்டிப் படித்தவன் சொன்னால் எவனுக்கும் பொய்யாகத்தான் தெரியும்.

அந்த அதிகாரிக்கு இதைச் சொல்லச் சொல். சான்பிரான்சிஸ்கோவில் தின்றதை வைத்து இத்தாலிப் பலகாரத்தைப் பேசக்கூடாது. அந்த ஊருக்கு வந்த இத்தாலிக்காரர்களில் வடக்கத்தியார் அதிகம். அவர்களுக்கு ரொட்டி கைவரும், காய்ந்த பிஸ்கோத்து கைவரும். குழல் சிசிலித் தீவுக்காரன் சொத்து. அதைத் தின்ன வேண்டிய ஊர் பாஸ்டன். துறைமுகத்தை ஒட்டி இத்தாலிக்காரர் தெருக்கள் இருக்கின்றன. நான் வேலை செய்த கடையில் நிரப்பிய குழலை அலமாரியில் அடுக்க விடமாட்டார்கள். ஆள் வந்து கேட்ட பிறகுதான் பால்கட்டியைத் திணித்துக் கொடுப்போம். முன்னமே நிரப்பினால் நமத்துவிடும். சிப்பி மாதிரி ஏடு ஏடாகப் பொரிகிற பலகாரத்துக்கு நியூயார்க் போக வேண்டும், அதுவும் விடியற்காலையில். பிலடெல்பியாவில் கை சுத்தம், சர்க்கரைதான் கூடுதல். சான்பிரான்சிஸ்கோ இவைகளுக்கெல்லாம் பின்னால்தான் நிற்கும்.

நான் வர வேண்டுமானால் உன் புருஷன் முதலில் இங்கே வரட்டும். சிரித்தவர்கள் முன்னால், பெரட்டுக் களத்தில் நின்று, மாமா போனது உண்மை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.

அப்பா,
இராஜமாணிக்கம்


தெமியாங், சிரம்பான்
2.7.2603

அன்புள்ள அப்பாவுக்கு நீலாவதி வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். எதிரி நாட்டு ஊர்ப் பேர்களையெல்லாம் எழுதாதீர்கள் அப்பா. கடிதம் கொண்டுவரும் தங்கராஜு அண்ணனை வழியில் நிறுத்திச் சோதித்தால் அவர் முதுகுத் தோல்தான் போகும். வருஷத்தையும் ஜப்பான்காரர்கள் கணக்கில் 2603 என்றே போடுங்கள். இத்தாலி இவர்களுக்குக் கூட்டாளி நாடாம். அந்தப் பேரை மட்டும் சொல்லலாமாம்.

தங்கராஜு அண்ணனிடம் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள். சீனியும் மாவும் இல்லாமல் காப்பிக்கடையை மூடிவிட்டார்கள். வேலையில்லாத ஆண்களின் பேரை எழுதிக்கொண்டு போனார்கள், என் வீட்டுக்காரர் பேரும் அதில் இருக்கிறது. முன்னே போனவர்களிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. பக்கத்து வீட்டு மாரியம்மா தன் மகனை அனுப்பிவிட்டுச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள்.

நீங்கள் வந்து அதிகாரிகள் சமையற்கட்டில் நின்றால், இவரை உங்களுக்குக் கையாளாக வைத்துக்கொண்டு பேரை அடித்துவிடுவதாக அந்த அதிகாரி சொல்கிறார். உங்களை ஏற்றி வர லாரிக்குச் சீட்டும் தருகிறார். இவரால் அங்கே வர முடியாது அப்பா. பாஸ் இல்லாமல் யாரும் சிரம்பானைத் தாண்டக்கூடாது. உங்கள் காலில் விழுந்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

இன்னொன்று. அதிகாரி தான் இருந்த ஊர்தான் சிறந்தது என்பார். நீங்கள் தலையை மட்டும் ஆட்டிவிடுங்கள்.

தலை ஆடிக்கு மாப்பிள்ளையை வந்து அழைக்க வேண்டியது மாமனார் முறை. நீங்கள் அழைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஆடிகள் வந்து போய்விட்டன. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இந்த ஒன்றுக்காவது வாருங்கள்.

நீலாவதி


சுவா
18.7.1943

மகள் நீலாவதிக்கு,

கடிதம் கிடைத்தது. வருஷம் 1943. அதை மாற்ற எவனுக்கும் அதிகாரம் கிடையாது.

காலில் விழுந்ததாக எழுதச் சொன்னாராம். விழுகிறவன் தானே வந்து விழ வேண்டும். பந்தியில் சொன்னதைச் சொல்லியா அனுப்பினார்? வாயால்தானே சொன்னார்? தலை ஆடிக்கு நான் அழைக்கவில்லை என்கிறாய். பொய்யன் வீட்டு விருந்துக்கு யார் வருவார்கள் என்றுதான் அழைக்கவில்லை.

தலையும் ஆட்ட மாட்டேன். பாஸ்டன் பாஸ்டன்தான்.

மரவள்ளி மாவு குழலுக்கு ஆகுமா என்று சும்மா பார்த்தேன். உனக்காகவோ அவருக்காகவோ என்று நினைக்காதே, பொழுது போகவில்லை. மூங்கில் துண்டில் சுற்றிப் பொரித்தால் வெடித்துவிடுகிறது. கொஞ்சம் அரிசி மாவு கலந்தால் வெடிப்பதில்லை, ஆனால் பல்லுக்குக் கடினம். பக்கத்து வீட்டு வள்ளிநாயகியின் மாட்டுப்பாலை எலுமிச்சை விட்டுத் திரிய வைத்துப் பார்த்தேன். அது பரவாயில்லை. நல்ல கோதுமை மாவு ஒரு குவளை இருந்தால் போதும்.

சயாமுக்குப் பேர் எழுதப்பட்டவர்கள் எல்லாரையும் உடனே ஏற்றிவிடுவதில்லை என்று மண்டோர் சொல்கிறார். ஆடி முடியும்வரை பார்ப்பேன். அவர் வந்து சொன்னால், அதே லாரியில் அவரோடு கிளம்புவேன். மூங்கில் துண்டுகளைச் சீவி வைத்திருக்கிறேன்.

அப்பா


தெமியாங்
9.8.2603

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் அவருக்குக் காட்டியிருக்கக் கூடாது. காட்டினேன்.

இரண்டு நாள் கழித்துக் காப்பிக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சி, அவர் ஒளித்து வைத்திருந்த கோதுமை மாவில் ஒரு குவளை வாங்கி வந்தார். "மாமாவுக்கு என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தைதானே வேணும். குடுத்துட்டுக் கையோட கூட்டிட்டு வந்துர்றேன்" என்று சிரித்தார். நான் கதவில் குறுக்கே நின்றேன். ரப்பர்க் காட்டு வழியாகவே போய்விடலாம், ஒருத்தனும் பார்க்கமாட்டான் என்றார். விடியுமுன் போய்விட்டார்.

சுவாவுக்குத் திரும்பும் சாலையில் பிடித்துவிட்டார்கள். உங்கள் லயத்து வீட்டுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பாஸ் இல்லை, கையில் கோதுமை மாவு. எங்கே திருடினாய் என்று கேட்டு அடித்தார்களாம். மறுநாளே சிரம்பான் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, சயாம் போகிற வண்டியில் ஏற்றினார்கள். நான் அந்த அதிகாரியைத் தேடி ஓடினேன். அவர் கோலாலம்பூர் போயிருந்தார்.

சாமான் ஏற்றும் பெட்டியில் நின்றுகொண்டிருந்தார். உதடு வீங்கியிருந்தது. வண்டி நகரும்போது என்னைப் பார்த்துவிட்டார். துப்பாக்கிக்காரர்கள் சுற்றி நிற்க, ஸ்டேஷனே கேட்கும்படி கத்தினார்: "அப்பாகிட்ட சொல்லிரு, பாஸ்டன்தான்!"

சொல்லிவிட்டேன். உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நிறையப் பேர் கேட்டார்கள்.

இனி எனக்கு எழுதாதீர்கள். இங்கே வராதீர்கள்.

நீலாவதி


சிரம்பான் ஸ்டேஷன்
21.11.2603

மகள் நீலாவதிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். வராதே என்றாய். உன் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேஷனுக்கு வர எனக்குத் தடை இல்லையே.

அந்த அதிகாரி தந்த லாரிச் சீட்டில் ஆவணியிலேயே வந்துவிட்டேன். முதலில் அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். குழல் செய்து கொடுத்தேன். சான்பிரான்சிஸ்கோவில் தின்றது போலவே இருக்கிறதல்லவா என்று கேட்டான். தலையை ஆட்டினேன். அந்த ஊருக்கு மிஞ்சி எங்கும் கிடையாதல்லவா என்றான். அதற்கும் ஆட்டினேன். தட்டைக் காலி செய்துவிட்டு, சயாம் போன வண்டியைத் திருப்பத் தனக்கு அதிகாரம் இல்லை என்றான்.

அன்றிலிருந்து இங்கே சாமான் கொட்டகை ஓரம் அடுப்பு வைத்திருக்கிறேன். மரவள்ளி மாவு, செம்பனை எண்ணெய், உள்ளே வெல்லமும் தேங்காய்ப் பூவும். கூலிக்காரர்கள் வாங்கித் தின்கிறார்கள். இத்தாலியும் ஜப்பான்காரர்களைக் கைவிட்டுவிட்டதாம், அந்தப் பேரையும் இனி சொல்லக்கூடாதாம். குழல் பணியாரம் என்று கூவுகிறேன்.

வடக்கேயிருந்து வருகிற வண்டியெல்லாம் பார்க்கிறேன். வெற்றுப் பெட்டிகள்தான் வருகின்றன. நேற்று ஒரு சீக்காளி இறங்கினான், எலும்பும் தோலும். மாப்பிள்ளை பேரைச் சொல்லிக் கேட்டேன். அங்கே பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை என்றான். அவனுக்குத் தின்னக் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை என் அடுப்புக்கருகே யாரோ தூக்குச்சட்டியில் கஞ்சி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மூடியின் நெளிவு எனக்குத் தெரியும், உன் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. யார் வைத்தார்கள் என்று யாரையும் கேட்கவில்லை. கழுவி வைத்திருக்கிறேன்.

பால்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். என்றைக்குக் கேட்டாலும் பால் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தவுக்கேயிடமும் அரைக் குவளை கோதுமை மாவு கிடைத்தது. அதில் ஒரே ஒரு குழல் பொரித்து, மூடிய டின்னில் வைத்திருக்கிறேன். அதை நிரப்பவில்லை. முன்னமே நிரப்பினால் நமத்துவிடும்.

மாப்பிள்ளை இறங்கட்டும். இந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் நின்றாலும் சரி, கிராணி நின்றாலும் மண்டோர் நின்றாலும் சரி, அத்தனை பேரும் கேட்கும்படி சொல்வேன். மாப்பிள்ளை, நீங்கள் சொன்னதுதான் சரி, நான் பார்த்த அமெரிக்கா போர்ட்டிக்சனோடு முடிந்துவிட்டது என்பேன்.

அதற்குப் பிறகு நிரப்பிக் கொடுப்பேன்.

அப்பா