கடிதங்களின் பின்பக்கம் எழுதிய நிறை

அக்கா,

நேற்று உங்கள் மகள் உங்களுடைய நடைச் சப்பாத்தைப் பெட்டியோடு கொண்டுவந்து தந்தாள். "எறிய மனம் வரேல்லை, அன்ரி. உங்கட சைஸ்தானே" என்றாள். சப்பாத்துக்கு அடியில் நான்கு கடிதங்கள் கிடந்தன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச்சொல்லி உங்களுக்கு வந்தவை. அவற்றின் பின்பக்கம் முழுக்க, கிழமைக்குக் கிழமை உங்கள் நிறையைக் கிலோவில் எழுதி வைத்திருந்தீர்கள். எண்பத்தாறு. எண்பத்தைந்தரை. மறுபடியும் எண்பத்தாறு.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

குளிர்காலக் காலைகளில், கடைகள் திறக்கமுன், வெக்ஸ்போர்ட் மோலுக்குள் நாங்கள் நான்கு சுற்று நடப்போம். மூச்சு வாங்கினாலும் உங்கள் வாய் ஓயாது. அந்தக் கடிதத்தைப் பற்றி ஒருநாள் நீங்களாகவே சொன்னீர்கள். "பத்துக் கிலோ குறையட்டும், போறன். உந்த உடம்போட அந்தக் கட்டிலில ஏறிப் படுக்க வெக்கமாக் கிடக்கு. அதோட டொக்டர் எங்கட இவரின்ர ஊராள். பிறகு கோயிலில அவற்ற முகத்தைப் பாக்கிறேல்லையோ?"

பெண் டொக்டரைக் கேட்டால் அந்த டொக்டர் குறை நினைப்பாராம். அவருடைய மனம் நோகக்கூடாதென்று உங்கள் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த டொக்டராவது பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டாரா? போன நேரமெல்லாம் "நிறையைக் குறையுங்கோ, நடவுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். உடம்பு பெருத்த பெண்ணுக்கு வேறு நோய் வருத்தமே வராது என்று எந்தப் புத்தகத்தில் படித்தாரோ தெரியாது.

மாதவிலக்கு நின்று எத்தனையோ வருடத்தின் பின், "கொஞ்சம் இரத்தம் படுது, நடந்த சூடாக்கும்" என்றீர்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னவள் நான். டொக்டரை மட்டும் திட்டிவிட்டு என்னால் தப்ப முடியாது.

நாலாவது கடிதத்தில் இலக்கங்கள் மளமளவென்று இறங்குகின்றன. அந்த நாட்களில்தான் றிச்மண்ட் ஹில் கோயிலில் பெண்கள் உங்களைச் சுற்றி நின்று, "என்ன சாப்பிடுறியள், இப்பிடி மெலிஞ்சிட்டியள்" என்று கேட்டார்கள். உங்கள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. நானும் பெருமைப்பட்டேன். நோய் உங்களைத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் பாராட்டிக்கொண்டு நின்றோம்.

எழுபத்தாறு என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில், "இனிப் போகலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சொன்ன சொல் தவறாமல் போனீர்கள். அதற்குள் எல்லாம் பிந்திவிட்டது.

இன்று காலை உங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மோலுக்குப் போனேன். எங்களோடு புதிதாக நடக்க வரும் ஒரு பிள்ளை, ஐந்து கிலோ குறைத்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். "நிறையை விடு பிள்ளை, உந்தக் கருப்பைக் கழுத்து ரெஸ்ற் செய்தனியோ?" என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டேன். அவள் கூசிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான் செய்தனான். ஒரு பொம்பிளை நேர்ஸ்தான் செய்தவ. ஐஞ்சு நிமிசம்கூட இல்லை" என்றேன்.

உண்மைதான், அக்கா. உங்களுக்கு இரண்டாவது கடிதம் வந்த வருடமே நான் போய்ச் செய்துகொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாளும் உங்களோடுதான் நான்கு சுற்று நடந்தேன். உங்களிடம் சொல்ல எனக்கும் வெட்கமாக இருந்தது.