உன் ஈமானில் சந்தேகப்பட்டவன்

என் பிரியமுள்ள மச்சான் நளீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மரித்துக் கபுரில் இருப்பவருக்குச் சொல்லும் ஸலாம் அவருக்குக் கேட்கும் என்று நீ உறுதியாக நம்பினாய். எனக்கு அதில்கூட நெடுநாளாய் ஒரு சந்தேகம். இன்றைக்கு உனக்குக் கேட்கவேண்டும் என்று மனம் கிடந்து அடிக்கிறது.

நீ மௌத்தாகி ஏழு மாதம். ஸீனத், விதவை வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து, வெளியே போய்வருகிறாள். என் தங்கை மெலிந்துதான் போனாள்.

உன் ஈமானை, அல்லாஹ்மேல் நீ வைத்த நம்பிக்கையை, எப்போது சந்தேகிக்கத் தொடங்கினேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அளவையியல் படிப்பித்துவிட்டு, பின்நேரம் அஸர் தொழுத பிறகு ஓட்டமாவடிப் பாலத்தடிக்கு வருவாய். நானும் சீமெந்துக் கடையைச் சாத்திவிட்டு வருவேன். ஒரு நாள் சொன்னாய், எந்தப் பொருளும் தன்பாட்டில் இல்லை, அறியப்படுவதால்தான் இருக்கிறது என்று. வெள்ளைக்காரத் தத்துவக்காரர் சிலரும் இப்படிச் சொன்னார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப நீ கண்ணை மூடினா இந்தப் பாலம் இல்லாமப் போயிருமா?" என்று கேட்டேன்.

"என்ட கண்ணை நம்பி அது நிக்கல்ல மச்சான். அல்லாஹ்ட அறிவில நிக்கிது. அவன் மறந்தாப் பாலமும் இல்ல, நாமளும் இல்ல. அவன் மறக்கிறவன் இல்ல."

பதில் அழகாக இருந்தது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. சீமெந்து மூட்டை தூக்கி முதுகு தேய்ந்தவன் நான். இன்றைக்குப் பாலத்தை வெறும் நினைப்பு என்பவன் நாளைக்கு நரகத்தையும் நினைப்பு என்று சொல்லமாட்டானா? என் தங்கை யாரோடு குடும்பம் நடத்துகிறாள்?

பிறகு தொழுகையில் உன்னைக் கவனித்தேன். நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் நீண்ட நேரம் கிடந்தால், ஊருக்குக் காட்டுகிறான் என்று நினைத்தேன். சீக்கிரம் எழும்பினால், மனம் இல்லை என்று நினைத்தேன். எதைக் கண்டாலும் சந்தேகம் கொழுத்தது.

வாசிகசாலையில் நீ வெள்ளிக்கிழமைகளில் பேசியதைப் பற்றிப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனதே, அதை எழுதியது நான். இடது கையால் எழுதினேன்.

அவர்கள் உன்னைக் கூப்பிட்டபோது குடும்பத்தவன் என்று நானும் வந்து உட்கார்ந்திருந்தேன். கடிதத்தை வாங்கி வாசித்தாய். எழுதியவரை விசாரிப்போமா என்று தலைவர் கேட்டார்.

"தேவையில்ல. எழுதினவருக்கு அல்லாஹ்ட பயம் இருக்கு," என்றாய்.

பேச்சை நிறுத்தச் சொன்னார்கள். தலையாட்டினாய். என் மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்தாய்.

உனக்குத் தெரிந்திருந்ததா? பாலத்துக் கதையை அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேனே. அதை உன் வாயால் கேட்டவன் நான் ஒருவன்தானே? அதற்குப் பிறகும் பாலத்தடிக்கு வந்தாய். மீனைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசினாய். ஒரு வருடம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட காலையில், மாரடைப்பில் போய்விட்டாய். மன்னித்துவிட்டுப் போனாயா?

இப்போது ஸீனத், பக்கத்து வீட்டுத் தையல்காரர் கபூர்தான் அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியிருக்கவேண்டும் என்று முடிவுகட்டிவிட்டாள். அவர் எப்போதோ வாசிகசாலையில் உன்னோடு தர்க்கப்பட்டாராம். அவருடைய மனைவி கொண்டுவந்த வட்டிலப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஸலாமுக்கும் பதில் சொல்வதில்லை.

நேற்று அண்ணனான என்னிடம், "காக்கா, அந்த மனிசன்ட முகத்தைப் பாத்தாலே தெரியுது," என்றாள்.

தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டி "ஓம்" என்றேன்.

அந்த ஓமுக்குப் பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. உலகத்தை இல்லை என்கிறான் என்று உன்மேல் எழுதிக்கொடுத்தேன். ஆனால் யாரும் காணாதது நடக்கவே இல்லை என்று இவ்வளவு காலம் வாழ்ந்தவன் நான். நீ சொன்னதெல்லாம் இன்னும் எனக்கு முழுதாய்ப் பிடிபடவில்லை. அவன் மறக்கிறவன் இல்லை என்பது மட்டும் நேற்றுப் பிடிபட்டது. அடியானுக்குச் செய்த பிழையை அந்த அடியான்தான் மன்னிக்கவேண்டும் என்று ஓதிப் படித்தோமே. நீ இல்லை. நான் யாரிடம் போக?

கபூர் காக்கா இருக்கிறார். ஸீனத் இருக்கிறாள். இன்று அஸருக்குப் பிறகு அவளிடம் போய்ச் சொல்லுவேன். அவள் கதவைச் சாத்தினால் வெளியே நின்று சொல்லுவேன். பிறகு அடுத்த வீட்டு வாசலுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை வாசிகசாலையில், உன் பேச்சைக் கேட்டவர்கள் முன்னால் சொல்லுவேன். இது சத்தியம், மச்சான். இந்த முறை பெயரைப் போட்டே எழுதுகிறேன்.

ஸீனத்தின் காக்கா, உன் மச்சான்,
ஜவாஹிர்