பிரைட்டனுக்குப் பெரிய எழுத்து

அன்புள்ள செல்வராணிக்கு,

இங்கே நான் நலம். வேம்பாரில் நீயும் பிள்ளையும் சுகம்தானே? உப்பளத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்காதே.

ஒரு செய்தி, பயப்படாதே. என் அறையில் இருந்த நாசரேத்துக்காரன் பிரைட்டன் போன வாரம் தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பாம். உடலை ஊருக்கு அனுப்பச் சொல்லி ஆங்கிலத்தில் நான்தான் மனு எழுதினேன். ஆபீஸ் ஜேசுபாதம் அண்ணாச்சி வாசித்துப் பார்த்தார்.

“ஏலே, அவன் பேர சின்ன எழுத்துல தொடங்கிட்டு, பாடிக்குப் பெரிய எழுத்து போட்டிருக்கியே!”

“செத்தவனுக்கு மரியாதையா இருக்கட்டும்னு போட்டேன் அண்ணாச்சி.”

“பேருக்குத்தாம்லே பெரிய எழுத்து. பாடி அவன் பேரில்லலா” என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திருத்திக் கொடுத்தேன். நாளை விமானத்தில் அண்ணாச்சிதான் அவனோடு வருகிறார். போனில் பேச முடியாமல் இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அவர் திரும்பி வரும்போது, நான் ஆங்கில எழுத்துப் பழக மகளுடைய பழைய நாலு கோடு நோட்டையும் கொஞ்சம் கருவாடும் அவரிடம் கொடுத்துவிடு. நாசரேத்துக்குப் போய் பிரைட்டன் மனைவி ஜெபசுதாவையும் பார். கடைசியில் யாரையாவது கூப்பிட்டாரா என்று கேட்டால், இல்லை என்று சொல். பக்கத்துக் கட்டிலில்தான் இருந்தேன். அசந்து தூங்கிவிட்டேன் செல்வராணி, எனக்குத் தெரியாது.

வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது.

சுடலைக்கண்ணன்