பேரூராட்சி வைத்த மொய் விருந்து

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. முட்டிவலியைத் தவிர வேறு குறையில்லாமல் நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி இனியாவும் மஸ்கட்டில் நலமாக இருக்க நம் அம்மன் துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார். நம் தெரு அழகுமலை லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். முதலில் மனத்தில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை லீவுக்கு வரும்போது புதுக்கோட்டையில் லாட்ஜில் ரூம் போடப் போவதாக மாப்பிள்ளை சொன்னாராம். அவர்மேல் தப்பில்லை. போன தடவை நம் போர் தண்ணீரில் குளித்து இனியாவுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது, சோப்பு கூட நுரைக்காத அந்த உப்புத் தண்ணீரில் பச்சைப்பிள்ளை என்ன செய்யும், மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டீர்கள். சிரித்த முகமாகத்தான் வழியனுப்பினேன். கார் திரும்பியதும் உள்ளே வந்து அழுதேன்.

இப்போது தண்ணீர்ப் பத்திரத்தின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உன் அப்பா உன்னிடம் சொல்லியிருப்பது வேறு கதை. போன ஆனியில் நம் பேரூராட்சி கடன் பத்திரம் வெளியிட்டது. கண்மாய்க்கு வரும் வாய்க்காலைத் தூர்வாரி, மழைநீரை நிலத்துக்குள் இறக்கக் குழிகள் போட்டு, கரையில் புதுக் கிணறு வெட்டி, கடைசித் தெருவான நம் தெரு வரைக்கும் குழாய் கொண்டுவருவது திட்டம். பெரும்பங்கு அரசாங்கம் கொடுக்கும், மீதியை ஊர் மக்களுக்குப் பத்திரம் விற்றுத் திரட்ட வேண்டும், ஆடி முடிவதற்குள் சேராவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். செயல் அலுவலர் அரவிந்த்குமார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல பிள்ளை. மண்டபத்தில் திரை கட்டிப் படம் போட்டு முகமதிப்பு, முதிர்வு, வட்டி என்று ஒரு மணி நேரம் விளக்கினார். ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை, முன்வரிசையில் நம் பங்காளி உடையப்பன் குறட்டையே விட்டார். உன் அப்பாவுக்குச் சும்மா உட்கார முடியுமா? எழுந்து நின்று, "இதுல புரியாம இருக்க என்ன இருக்கு? பேரூராட்சி மொய் விருந்து வைக்கிது. நாம இப்ப மொய் செய்யிறோம். அஞ்சு வருசத்துல கூடச் சேத்துத் திருப்பிச் செய்வாங்க, அம்புட்டுத்தான்" என்றார். ஊருக்கே விளங்கிவிட்டது. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதும், பிறகு கூடுதலாகத் திருப்பிச் செய்வதும் நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? அலுவலர் இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பா தண்ணீர் கேட்ட தோரணையே வேறாக இருந்தது.

பத்திரம் விற்கும் நாளில் பேங்க்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள், ஈ காக்கை வரவில்லை. விசாரித்தால், வீட்டுக்கு வந்து பத்திரிகை வைக்கவில்லையாம். மொய் விருந்துக்கு அழைப்பில்லாமல் எவர் போவார்? பாவம் அந்தப் பிள்ளை, பத்திரிகை அடித்து வெயிலில் வீடுவீடாகப் போய் வைத்தார். மறுவாரம் ஊரே திரண்டு வந்தது. வந்த கூட்டம் மேஜைப் பக்கம் போகாமல் மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய் அடுப்பைத் தேடியது. அடுப்பு ஏது, டீயும் பிஸ்கட்டும்தான் இருந்தன. உடையப்பன் ஒரு பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொய் வாங்கயிலயே கறி போடாதவங்க, திருப்பிச் செய்யிறப்ப என்னத்தச் செய்வாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், எல்லோரும் வீட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். அரசாங்க விதியில் கிடா வெட்ட இடமில்லை என்று அலுவலர் கையைப் பிசைந்தார். ஆடி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. நான் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "வாயிருக்குன்னு மொய்யுன்னு சொன்னீங்கள்ல, இப்பக் கறிக்கு வழி சொல்லுங்க" என்றேன்.

இனியா காதுகுத்துக்கு நான் வளர்த்த இரண்டு கிடாயும் சீக்கு வந்து செத்ததாக அப்பா உன்னிடம் சொன்னாரல்லவா? சீக்கும் இல்லை ஒன்றும் இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து அண்டாவில் வெந்தன. அவிழ்த்துக் கொடுத்தவள் நான்தான். காது அப்புறம் குத்திக்கொள்ளலாம், குழாய் நம் வாசலுக்கு வர வேண்டுமே. மத்தியானத்துக்குள் பத்திரமும் தீர்ந்தது, கறியும் தீர்ந்தது, பிந்தி வந்தவர்கள் இரண்டும் கிடைக்காமல் சண்டைக்கு நின்றார்கள். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. இப்போது ஊரில் எந்த விசேஷமானாலும் முதல் பத்திரிகை செயல் அலுவலருக்குத்தான் போகிறது, மொய் வாங்கிய பேரூராட்சி வந்து முறை செய்ய வேண்டாமா என்கிறார்கள். அவரும் மறுக்கத் தெரியாமல் சொந்தக் காசைக் கவரில் போட்டுக்கொண்டு போகிறார், மாறுதல் கேட்டு எழுதியிருப்பதாகக் கேள்வி. சோறு போட்டது நாம் என்பதால் திருப்பிச் செய்வதும் நம் பொறுப்பு என்பதுபோல், உன் அப்பாவைக் கண்டால் உடையப்பன், "அஞ்சு வருசம் ஞாபகம் இருக்குல்ல?" என்கிறார். இவர் கடைத்தெருவுக்கு இப்போது சுற்றுவழியில் போகிறார்.

போன புதன்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண்ணாக வந்து பிறகு தெளிந்தது. ஒரு சொம்பு குடித்துப் பார்த்தேன், உப்பில்லை. சோப்பைப் போட்டேன், இரண்டு கை நிறைய நுரை. கழுவ மனசில்லாமல் வாசலில் அப்படியே நின்றேன். பேத்தியைக் குளிப்பாட்டுவதுதான் கண்ணுக்குள் வந்தது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். ஏசி காற்றில் தலை ஈரத்தோடு படுக்காதே. இனியா தயிர் சாப்பிடுகிறாளா? அம்மன் அருளால் மூவரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். லாட்ஜ் ரூமை மட்டும் உடனே வேண்டாமென்று சொல்லிவிடு. நீங்கள் மூன்றாம் நாள் போனதற்கு இத்தனை நாளும் தண்ணீரைத் திட்டி மனதைத் தேற்றிக்கொண்டேன். நல்ல தண்ணீர் வந்த பிறகும் நீ போய்விட்டால், நான் எதைத் திட்டுவேன், சொல்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஆ. உண்ணாமலை