துடைத்து வைத்த மெஷின்

மார்ச் 4, திங்கள்

இரண்டு நாளாக எழுதக் கை வரவில்லை. சனிக்கிழமை காலை மாடிக்காரி சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மகளோடு கடைக்குப் போய்விட்டாள். நிரம்பி வழிந்த தண்ணீர் எங்கள் கூரை வழியாக இறங்கி, நேராக இவருடைய எம்பிராய்டரி மெஷின் மேல். பள்ளிச் சீருடைகளுக்கு பேட்ஜ் தைக்கிற மெஷின். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு இவரை மனுஷனாக நடமாட வைத்ததே அதுதான்.

கடையிலிருந்து திரும்பிய அம்மாவும் மகளும் பதறிக்கொண்டு இறங்கி வந்தார்கள். வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர்கள் போனதும் வேலையை ஆரம்பித்தேன். தரை, சுவர், அலமாரி. ஊறிப்போன துணிக்கட்டுகளை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். மெஷினைப் பிரித்துத் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் காய வைத்து, எண்ணெய் போட்டு, உறையும் மாட்டினேன். ஆஸ்பத்திரி சலவை அறையில் இருபத்திரண்டு வருஷம். கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

மார்ச் 5

மெஷினைப் போட்டுப் பார்த்தோம். உயிரே இல்லை.

மார்ச் 6

வீட்டுப் பொருள்களுக்கு இன்சூரன்ஸ் இருப்பது இவருக்கு இன்றுதான் நினைவுக்கு வந்தது. போன் செய்தார். "எதையும் தொடாம அப்படியே வைங்க சார், சர்வேயர் வந்து பார்ப்பாரு" என்றார்களாம்.

பளபளவென்றிருந்த தரையை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இவருக்குச் சிரிப்பு. எனக்கு ஒரு போட்டோ எடுக்கக்கூடவா தோன்றவில்லை?

மார்ச் 8, வெள்ளி

சர்வேயர் வந்தார். தன்மையான ஆள்.

"சேதமான பொருள் எங்கம்மா?"

"இதுதாங்க."

"இதுவா? கடையிலேருந்து இப்பத்தான் வந்த மாதிரில்ல இருக்கு!"

உறையை நீக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். நீர்க்கறை இல்லை, துரு இல்லை. உள்ளே போர்டு கருகியிருப்பது உண்மை. ஆனால் பழைய மெஷின், தானாகவும் போயிருக்கலாமே என்றார். கூரையில் ஒரு ஈரத் திட்டு மட்டும் இருந்தது. அதுவும் எப்போது விழுந்ததோ, யார் கண்டது? தண்ணீர் மெஷின் மேல் விழுந்ததற்கு ஏதாவது ஆதாரம் கொடுங்கள், பத்து நாள் பார்க்கிறேன் என்றார்.

பிறகு படிவத்தை எடுத்து, "சுத்தம் பண்ணினது யாருங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நான்தாங்க" என்றார். துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதர். சமையலறைக்குப் போய் அழுதேன். நாலு வசவு வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 9

"மாடிக்குப் போய்க் கேளு. அந்தப் பொண்ணு அன்னிக்கு போன்ல ஏதோ எடுத்துக்கிட்டு இருந்துச்சு" என்கிறார்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? மாட்டேன். அவள் வாசலில் போய் நிற்க மாட்டேன்.

காலையிலிருந்து இவர் மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 10

போனேன்.

கதவைத் திறந்த மாடிக்காரி உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மகள் போனை எடுத்துவந்தாள். தண்ணீர் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று வீட்டு ஓனருக்குக் காட்ட எடுத்ததாம்.

ஒன்றரை நிமிஷ வீடியோ. கூரையிலிருந்து மெஷின் மேல் தண்ணீர் கொட்டுகிறது. இவர் அதை நகர்த்தக் குனிகிறார். "தம்பி, நீங்க குனியாதீங்க, முதுகு!" என்று மாடிக்காரி ஓடிவந்து இவரை விலக்கிவிட்டு, அவ்வளவு கனமான மெஷினைத் தனியாளாக இழுக்கிறாள். கால் வழுக்குகிறது, விழுந்து எழுந்து மறுபடியும் இழுக்கிறாள். நான்? துடைப்பானைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். அறிவிருக்கா, சோறுதான் திங்கிறியா, இன்னும் எழுதக் கூசுகிற வார்த்தைகள். என் குரல்தான். என் குரல் அப்படியா இருக்கிறது?

இது எதுவுமே என் கண்ணில் படவில்லை. சத்தியமாகப் படவில்லை.

"இதக் காட்டினா உங்க தப்புன்னு ஆயிடுமே" என்றேன்.

"குழாயத் திறந்து வச்சது நான்தானே. காட்டுங்க."

கீழே வந்து இவரிடம் கேட்டேன், அவள் இழுத்ததை ஏன் சொல்லவில்லை என்று. "சொல்லலாம்னுதான் பார்த்தேன். நீ எங்க என்னப் பேச விட்ட?"

மார்ச் 11

வீடியோவை சர்வேயருக்கு அனுப்பியாகிவிட்டது. அந்தச் சத்தத்தோடுதான். சுத்தம் செய்தது நான்தான் என்பதையும் எழுதி அனுப்பினேன்.

மார்ச் 19

கிளைம் பாஸாகிவிட்டது. சர்வேயரே போனில் சொன்னார். வீடியோவில் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனிதர்.

ஏப்ரல் 2

புது மெஷின் வந்து நாலு நாள். இவர் விசிலடித்துக்கொண்டு பேட்ஜ் தைக்கிறார். காது வலிக்கிறது; இருக்கட்டும்.

மாடிவீட்டு அக்கா இன்று தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். படியில் எதிர்ப்பட்டதும் பெட்டியை வாங்கிக்கொண்டேன். "விடும்மா, கனம்" என்றார். விடவில்லை. பஸ் நிறுத்தம் வரை நானே தூக்கி வந்தேன். அங்கே போய் நின்ற பிறகுதான், "அன்னிக்குப் பேசினத மன்னிச்சிருங்கக்கா" என்றேன். மூன்று வாரமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அவர் பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே சொன்னார்:

"கிளைம் வந்த அன்னிக்கே அந்த வீடியோவ அழிக்கச் சொல்லிட்டேம்மா. பொண்ணத் தவிர எங்க வீட்டு ஆளுங்க யாரும் பார்க்கல."